ராகு காலத்துத் திமிங்கலம்

கிரைண்டரில் உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் அடுக்களை முழுக்க ஒரே கடகடப்பு, இனி வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கேட்காது, கேட்காவிட்டால் நல்லதுதான் என்று சந்தனமாரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் லேப்டாப்பைத் திறந்தாள். நேற்று சாயங்காலம் அவள் பதிந்துவைத்த வரி அப்படியே இருந்தது. திமிங்கலம், வெள்ளிக்கிழமை, ஆறு முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான். ஆறு முப்பத்தைந்து என்பது அந்தப் பெட்டியின் மணி. பெட்டி எங்கேயோ பனி பெய்கிற ஊரில் இருக்கிறது, சர்வர் என்று பேர், அதை அவளும் பார்த்ததில்லை, வாடகை கட்டுகிற அவள் புருஷன் இசக்கிதுரையும் பார்த்ததில்லை, அதற்குள் ஓடுகிற கடிகாரம் உடன்குடிக் கடிகாரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால் நிற்கும், அவ்வளவுதான் தெரியும். ஆக நம் மணிக்குப் பகல் பன்னிரண்டு ஐந்து. ராகு காலம் முடிந்து ஐந்தாவது நிமிடம். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை நேற்றுப் பார்த்துப் பார்த்து எடுத்த மணி. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு, இதைக் காலண்டர் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும், ஆனாலும் பார்த்தாள், ஏனென்றால் இது திமிங்கலம், வாரத்துக்கு ஒரு தடவைதான் மேலே வரும், பால் காய்ச்சுகிற மாதிரி பொங்காவிட்டால் இன்னொரு தடவை அடுப்பை ஏற்றிக்கொள்ளலாம் என்கிற கதை இதில் கிடையாது. அது வருவது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற ஒரு ஆட்டத்தில், அந்த ஆட்டத்தை ஆட அவளுக்குத் தெரியாது. ஒரு துறைமுகப் பட்டினம், அதில் மீன் பிடிப்பவர்கள், உப்பு விற்பவர்கள், வாளைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் என்று ஒரு முப்பது உருவம், ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் ஒவ்வொரு தேசத்தில் ஒரு தமிழ் ஆள். புருஷன் கரையில் இருந்த மாதங்களில் பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி அவர்களுக்காக நடத்த ஆரம்பித்தான், கப்பல் ஏறும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். சந்தை எந்தக் கிழமை கூடணும், கடற்கொள்ளைக்காரன் எப்போது வரணும், மழை எத்தனை நிமிடம் பெய்யணும், எல்லாம் அவள் விரலில். பட்டினத்துக்குள் ஒரு சுற்று நடந்துவரச் சொன்னால் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பாள், ஆனால் அந்தப் பட்டினத்துக்கு மழை அவள் சொன்னால்தான் வரும். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்ற பிள்ளை, இப்போது மழைக்கு மணி குறிக்கிறது.

கை நனைத்து உளுந்தின் மேல் தண்ணீர் தெளித்தாள், ஓரத்தில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளினாள், மாவு இன்னும் கரகரப்பாக இருந்தது. மகள் தர்ஷி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கரண்டியுமாகக் காலுக்குள் வந்து உட்கார்ந்தாள், நாலு வயது, இன்றைக்குப் பால்வாடிக்குப் போகமாட்டாளாம், ஏனென்று கேட்டால் அப்பா வருவாங்க என்கிறாள். வருவதாவது. இலங்கைக்குத் தெற்கே, கரை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அந்த முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் மேற்கே போகும், போகிற வழியில் அரை மணி நேரம் போனில் சிக்னல் கிடைக்கும், நூல் மாதிரி சிக்னல். வீடியோ எல்லாம் வராது, போன தடவை அவன் நெற்றி மட்டும் வந்து அப்படியே உறைந்து நின்றது, பிள்ளை அந்த நெற்றிக்கு முத்தம் கொடுத்துவிட்டு மூக்கு எங்கே என்று அழுதது. ஆனால் இந்தப் பழைய ஆட்டத்துக்கு நூல் சிக்னலே போதும். கப்பலில் இருந்து வாரத்துக்கு ஒரு தடவை அனுப்ப விடுகிற நாலு வரிக் கடிதத்தில் இரண்டு வரியை அவன் இதற்குத்தான் செலவழித்திருந்தான். வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு மணிக்குப் பதினொண்ணு. திமிங்கலத்தை மேலே விடு மாரி. மீதி இரண்டு வரியில் பிள்ளைக்குச் சளி போச்சா என்று கேட்டிருந்தான். திமிங்கலம் அவனே செய்தது. அந்த முனைக்குத் தெற்கேதான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் நிஜத் திமிங்கலத்தைப் பார்த்தான், முதலில் ஒரு மூச்சு, தென்னை உயரத்துக்குப் புகை மாதிரி தண்ணி, அப்புறம் ஈரச் சிலேட்டு நிறத்தில் முதுகு, முதுகு போகுது, போகுது, முடியவே இல்லை மாரி, முடியவே இல்லை, என்று வந்த அன்றைக்குச் சோற்றில் கைவைத்தபடியே சொன்னான், குழம்பு ஆறிப்போனது. அதற்கப்புறம் கரையில் இருந்த நாளெல்லாம் அதை வரைந்து, வெட்டி, ஒட்டி, அசையவைத்துக் கொண்டிருந்தான். முடித்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆளில்லாத துறைமுகத்தில் அது மேலே வந்தது, போனது. பெரிய கத்திரிக்காய் மாதிரி இருக்குங்க என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனால் அவன் முகம் அதே கத்திரிக்காயைத் தீயில் வாட்டிய மாதிரி சுருங்கியது. அது ஆளுங்க பக்கத்துல நின்னாத்தாம்ளா தெரியும் என்றான். ஆளுங்க பக்கத்தில் நிற்கிற அன்றைக்கு அவனுக்குக் கப்பல் வந்துவிட்டது. அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் பார்த்தார்கள், ஆகா என்றார்கள், செய்தவன் மட்டும் பார்க்கவில்லை. இன்றைக்குத் தவறினால் அடுத்த வெள்ளி அவன் நடுக்கடலில், அதற்கடுத்ததும் நடுக்கடல், அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவைத் தொட்டு எந்தக் கரை வருமோ.

பதினொண்ணு என்றுதான் எழுதியிருக்கிறான். அவள்தான் பன்னிரண்டு ஐந்து போட்டாள். கப்பல்காரன் சொல்லுகிற மணி என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வருவேன் என்றால் திங்கள்கிழமை மத்தியானம் ஆட்டோ வந்து நிற்கும், அரை மணி சிக்னல் என்றால் ஒரு மணி நேரமாவது இழுக்கும், ராகு காலம் கழிந்து நிம்மதியாகப் பார்க்கட்டுமே என்றுதான் போட்டாள், நல்லதை நினைத்துத்தான் போட்டாள். ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்கிற சாட்டில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டாள், ராகு காலம் முடிந்ததும் திமிங்கலம் என்று. பாரிசில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற தயாபரன் அண்ணன் உடனே ஆரம்பித்துவிட்டார், அவர் யாழ்ப்பாணத்து ஆள், கேலி செய்யாவிட்டால் அவருக்கு மாவு புளிக்காது. "தங்கச்சி, நீங்கள் சொல்லுற நேரம் இஞ்ச இன்னும் விடியாது. ராகுவும் நித்திரையாத்தான் கிடப்பார்." எல்லாரும் சிரித்தார்கள், மஸ்கட்டில் நர்சாக இருக்கிற பெனிட்டா ஒரு வரி முழுக்கச் சிரிப்புப் படமாகவே போட்டாள், இவளும் சிரித்தாள், இங்கே முழிச்சிருக்காருல்லாண்ணே என்று எழுதினாள், பேச்சு அதோடு போயிற்று. மாவை வழித்துவிட்டு விரலை உயர்த்திப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தண்ணீர். பன்னிரண்டு ஐந்து. நல்ல மணிதான். பன்னிரண்டுக்கு அவன் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, அப்புறம். அப்புறம் என்ன. கை தண்ணீர்ச் செம்பில் அப்படியே நின்றது. அப்புறம் அவன் காவலுக்கு ஏறுவான். இந்தத் தடவை என்ன காவல் என்று போகும்போது சொன்னான், வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், பன்னெண்டு–நாலு, மத்தியானமும் பன்னெண்டு–நாலு, ராத்திரியும் பன்னெண்டு–நாலு, பேய் உலாத்துற நேரம் முழுக்க எனக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தான். பன்னிரண்டு அடித்தால் மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கணும், அங்கே போனைத் தொடக்கூடாது. சிக்னல் ஒரு மணி நேரம் என்ன, நாள் முழுக்க இழுத்தாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் பதினொண்ணு. யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். அவள்தான் அந்தச் சிவப்பு எழுத்துக் காலண்டரைப் பார்த்து, பந்தக்கால் நட நேரம் குறிப்பது மாதிரி, நேக்காக அவன் இல்லாத நேரமாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாள்.

லேப்டாப்பின் மூலையில் மணி பத்து பதினெட்டு. மாற்றுவது பெரிய வேலை இல்லை, அழித்துவிட்டு ஐந்து முப்பது என்று அடித்தால் தீர்ந்தது, ஆனால் பெட்டி அரை மணிக்கு ஒரு தடவைதான் இந்தப் பக்கத்தை எட்டிப்பார்க்கும், பத்தரைக்கு எட்டிப்பார்க்கும்போது எழுதியிருந்தால் உண்டு, அதற்குப் பிறகு எழுதினால் பதினொண்ணுக்குத்தான் பார்க்கும், பார்த்து என்ன செய்ய. அழித்தாள். கட்டம் காலியாக இருந்தது. ஐந்து அடிக்க விரல் போனது, போன விரல் மேலேயே நின்றது. போன வருடம் அவன் புறப்பட்ட அன்றைக்கு ஏஜென்ட் அனுப்பிய வேன் சீக்கிரம் வந்துவிட்டது, ராகு காலம், அத்தை வாசலை மறித்துக்கொண்டு இருல, கொஞ்சம் உட்காந்துட்டுப் போ என்கிறார், டிரைவர் ஹாரன் அடிக்கிறான், இவன் சிரித்துக்கொண்டே அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகு பல நாள் ஒரு சேதியும் இல்லை. அடுப்பில் வைத்ததைக் கருகவிட்டு, கருகியது தெரியாமல் பரிமாறி, போன் அடித்தால் எடுக்கப் பயந்து, அடிக்காவிட்டால் அதற்கும் பயந்து, அப்படிப்பட்ட நாட்கள். கடைசியில் உள்ளங்கையில் கயிறு கிழித்த நீளத் தழும்போடு வந்து நின்றான், எஞ்சின் நின்றுபோச்சு, மிதந்துக்கிட்டுக் கெடந்தோம், கயிறு கொஞ்சம் இழுத்துட்டு என்று, ஏதோ பஸ் பஞ்சரான மாதிரி. அத்தை அவள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அவள் தன் கையாலே, கண் தெரிந்தே, அந்த நேரத்தில் அவனைக் கூப்பிடணும். கூப்பிட்டு, கப்பல் விளிம்பில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. சே. மாவு. கரகரப்பு போய் மெழுகு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது, கிரைண்டரின் சத்தமும் மாறிவிட்டது, கல் மாவுக்குள் புதைந்துவிட்டால் சத்தம் தொண்டைக்குள் பேசுகிற மாதிரி வரும். தண்ணீர் தெளித்தாள். ஐந்து முப்பது. ஐந்து முப்பதா. பெட்டி இருக்கிற கடிகாரத்துக்கு அது விடியற்காலம், கோலம் போடுகிற நேரம், அதைவிட நல்ல நேரம் உண்டா. அப்படியானால் திமிங்கலம் மேலே வருவது விடியற்காலத்திலா, ராகு காலத்திலா. அது வருகிற கடல் எங்கே இருக்கிறது. பனி பெய்கிற ஊரில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, பெனிட்டாவின் மஸ்கட் அறையில் இருக்கிறது, தயாபரன் அண்ணனின் ரொட்டிக் கடைக்குப் பின்னால் இருக்கிறது, இங்கே அண்டா மேலேயும் இருக்கிறது. ஒரே அலை. அந்த அலைக்கு எந்த ஊர்க் காலண்டரைக் கிழிப்பது.

பூமி சுற்றுவதால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் சூரியன் உதிப்பதில்லை. இரண்டு மார்க் கேள்வி. எட்டாம் வகுப்பில் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கினாள், நம்பவில்லை, நம்பச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இப்போது அடுக்களைத் தரையில், கை நிறைய உளுந்து மாவோடு, பதினைந்து வருடம் பிந்தி அது அவள் மேல் இறங்கியது. ராகு காலம் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. சூரியன் இங்கே ஒரு நேரம், அங்கே ஒரு நேரம். அப்படியென்றால் ராகு காலம் உலகம் பூராவுக்கும் ஒரே நேரத்தில் மூடித் திறக்கிற கதவு இல்லை. அது நடந்துபோகிறது. மேகத்தின் நிழல் தேரிக்காட்டு மணல் மேல் ஊர்ந்து போகுமே, பனைமரம் ஒவ்வொன்றாக இருண்டு இருண்டு வெளுக்குமே, அந்த மாதிரி, வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு பட்டை, காலையில் எங்கேயோ கிழக்குக் கடலில் எழுந்து, பினாங்கைத் தாண்டி, இதோ உடன்குடி ஓட்டு மேல், பிறகு மஸ்கட்டில் பெனிட்டாவின் போர்வை மேல், அப்புறம் பாரிசில் ரொட்டி மேல், அப்புறம் பெருங்கடல், அப்புறம் கனடா, நிற்காமல், ஒருத்தரையும் தேடாமல், ஒருத்தர் மேலும் கோபமில்லாமல், போய்க்கொண்டே இருக்கிறது. எந்த நிமிடத்தை எடுத்தாலும் யாரோ ஒருத்தர் தலைக்கு மேல் அது இருக்கத்தான் இருக்கும். எல்லாருக்கும் நல்ல நேரமாக ஒரு நிமிடம் அவள் தேடினால் இந்த உலகத்தில் அது இல்லவே இல்லை. மூச்சு ஒரு இடத்தில் நின்று வந்தது. பயம் இல்லை அது. திருச்செந்தூர்க் கடலை முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு, அப்பா தோளில் உட்கார்ந்திருந்தபோது, இப்படித்தான் நின்றது. கப்பல்காரனுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் ராகு காலம் வருகிறதே, நடுக்கடலில் கப்பலை நிறுத்திவிட்டு, ராகு போகட்டும்ல, கொஞ்சம் உட்காருங்க என்று கேப்டன் சொல்லுவாரா. அந்தப் பட்டைக்குள் போகிறார்கள், வெளியே வருகிறார்கள், ராத்திரிக்குள் போய்ப் பகலுக்குள் வருகிற மாதிரி. அத்தனை நாளும் அவன் அதற்குள் போய்ப் போய் வந்திருக்கிறான். எத்தனையோ தடவை. அவள் எண்ணியது ஒரு தடவையைத்தான்.

பத்து இருபத்தெட்டு. மாவு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஐந்து அடித்தாள், முப்பது அடித்தாள், கிழமையை ஒரு தடவை பார்த்தாள், சேவ் அமுக்கினாள். மூலையில் பத்து முப்பது ஆனபோது பக்கம் ஒரு தரம் மினுங்கிப் பச்சை எழுத்துக் காட்டியது, பெட்டி படித்துவிட்டது. சாட்டில் எழுதினாள், பதினொண்ணுக்கே திமிங்கலம், அவங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குக் காவல், எல்லாரும் தயவுசெய்து சீக்கிரம் வாங்க. கொஞ்ச நேரம் ஒருத்தரையும் காணோம். முப்பது பேரும் பன்னிரண்டுக்கு என்று தூங்கப் போயிருந்தால் மறுபடியும் ஆளில்லாத துறைமுகம்தான், மறுபடியும் கத்திரிக்காய்தான். எழுந்து கிரைண்டரை நிறுத்தினாள். காது ஙொய் என்றது. ஒரு சொட்டு மாவெடுத்துத் தர்ஷியின் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள், முங்கிய சொட்டு வெள்ளையாக மேலே வந்து நின்றது. "மெதக்குதும்மா," என்றாள் பிள்ளை. "பதம் வந்துட்டு," என்றாள் இவள். மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து, அரிசியைப் போட்டு, சுவிட்சைத் தட்டாமல் வந்து உட்கார்ந்தாள். துறைமுகத்தில் ஒரு உருவம் நின்றது. தயாபரன் அண்ணன். ரொட்டி அடுப்பில் கிடக்குது தங்கச்சி, கருகினால் நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அப்புறம் பெனிட்டா, ராத்திரி டூட்டி முடித்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்புறம் பினாங்கு குணவதி அக்கா, மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாராம். நாலு, ஏழு, பன்னிரண்டு. விடியாத ஊரிலிருந்து, பொழுது சாய்கிற ஊரிலிருந்து, பஸ்ஸிலிருந்து, கக்கூஸிலிருந்து ஒரு ஆள், அவரே சொன்னார். அவள் இரண்டு எண்ணை மாற்றினாள். அதற்காக உலகத்தின் அத்தனை மூலையிலும் யாரோ எழுந்து, யாரோ உட்கார்ந்து, அந்தத் துறைமுகத்தின் ஒரே மரப்பாலத்தில் வந்து நிற்கிறார்கள்.

பதினொண்ணுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பாலத்தின் நுனியில் சிவப்பு முண்டாசு கட்டிய சின்ன உருவம் ஒன்று வந்து நின்றது. தர்ஷி மாவுக் கையோடு திரையில் விரலை வைத்தாள். "அப்பா." உருவம் அசையவில்லை, நூல் சிக்னல், உறைந்துவிட்டதோ, இத்தனையும் ஆகி. பிறகு அது மெல்ல உட்கார்ந்தது. பிள்ளைக்கு அவன் வைத்திருக்கிற அடையாளம் அது, அப்பா உட்கார்ந்தால் மடியில் ஏறலாம் என்று அர்த்தம். பிள்ளை லேப்டாப்பை நோக்கி ஏறவே போனது, பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாட்டில் ஆளாளுக்கு மச்சான், அண்ணே, வந்துட்டியா என்று வரி வரியாக ஓடியது, எல்லாம் ஓடி அடங்குவதற்குள் தண்ணீர் கறுத்தது. முதலில் ஒரு மூச்சு. திரையின் மேல் விளிம்புவரை வெள்ளையாக எழுந்து தூறலாக விழுந்தது. பிறகு முதுகு. பாலத்தில் நின்ற முப்பது உருவமும் அதன் பக்கத்தில் கடுகு மாதிரி ஆகிவிட்டன, வாள் வைத்திருந்தவர், உப்பு மூட்டைக்காரர், எல்லாரும் கடுகு, அவர்கள் காலடியில் அந்த ஈரச் சிலேட்டு போகிறது, போகிறது, இன்னும் வால் வரவில்லை. ஓயாமல் பேசுகிற சாட்டில் ஒரு எழுத்து விழவில்லை. பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தது. சந்தனமாரியின் நெஞ்சுக்குள் என்னவோ அகலமாகி அகலமாகிப் போய்க்கொண்டிருந்தது, இதைப் போய்க் கத்திரிக்காய் என்று சொன்னேனே, என்ன பொம்பளை நான். வால் வந்தது, இரண்டு தென்னமட்டை மாதிரி விரிந்தது, இறங்கியது. தண்ணீர் மூடியது. காலியான சாட்டில் ஒரே ஒரு வரி, எழுத்துப் பிழையோடு, நடுங்குகிற சிக்னலில் வந்து சேர்ந்தது.

"பெருசா இருக்கு மாரி. நான் செஞசதவிடப் பெருசா இருக்கு."

அவள் பதில் அடிக்கும் முன்னே சிவப்பு முண்டாசு மங்கி, மறைந்து, அந்த இடத்தில் பலகை மட்டும் தெரிந்தது. முனை தாண்டியிருக்கும். சிக்னல்தான் போயிருக்கும், சிக்னல் மட்டும்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், சொன்னதை இந்தத் தடவை மனசு ஏற்றுக்கொண்டது. கப்பல் மேற்கே போகிறது, பன்னிரண்டுக்கு அவன் மேலே ஏறி நின்று கடலைப் பார்ப்பான், அங்கேயும் ஏதாவது மூச்சு விடும். சாட் மெல்ல உயிர் வந்து இருமியது. முதலில் தயாபரன் அண்ணன்தான். "தங்கச்சி, ராகு போயிட்டாரோ?" சுவர்க் காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள், ஓட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், அந்தப் பெரிய நிழல் ஊர்ந்து கடலுக்குள் இறங்குவதை அவளால் கேட்கவே முடியும்போல் இருந்தது. ஒற்றை விரலால், மாவு எழுத்தில் படாமல், அடித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கதான் இருப்பாருண்ணே. அப்புறம் உங்க பக்கம்தான் வாராரு. ரொட்டி இருந்தா ஒண்ணு எடுத்து வைங்க."

சுவிட்சைத் தட்டினாள். அரிசி அரைபடத் தொடங்கியது.